அரைச்சுற்று

லோ யாட் மூன்றாம் மாடியில்
சனிக்கிழமை பதினொன்றரைக்கு
ஜூன் கிட் என் முன்னால் மூன்றை வைத்தான்.
ஒன்று எண்ணூறு வெள்ளி.
ஒன்று மூவாயிரத்து இருநூறு.
மூன்றாவதன் விலையைச் சொல்லாமல்
கையுறை போட்டுக்கொண்டான்.

"முதல்ல காதைப் பாப்போம் அங்கிள்" என்று
ஒரு சீழ்க்கையை மேலே மேலே ஏற்றினான்.
பன்னிரண்டாயிரம். கேட்கிறது.
பதின்மூன்று. கேட்பது போலிருக்கிறது.
அதற்கு மேல்
எனக்கு வெளியே கசிந்ததற்கு
அவன் முகம் சுளித்தது மட்டும் தெரிந்தது.
ஐம்பத்து மூன்று வயதுக் காதுக்கு
இதுவே அதிகம் என்றான், மரியாதையாக.

சோதிக்க நான் கொண்டுபோனது என் பதிவு.
செந்தூலில் ஒரு பள்ளி மண்டபம்,
லோகநாயகியின் வயலின், சஹானா,
நாற்பத்திரண்டு நிமிடம்.
மைக் இரண்டையும் நானே கட்டினேன்,
நானே வெட்டி ஒட்டினேன்.
பதினாறு வருடமாக
அவள் வாசிப்பை யார் புகழ்ந்தாலும்
என் தலையும் சேர்ந்து ஆடும்.

எண்ணூறு வெள்ளி:
எல்லாம் தேன். வில் உரசவே இல்லை, வழுக்குகிறது.
அடியில் ஒரு கனம், அன்று அங்கே இல்லாதது,
வயலினுக்குள் யாரோ
சோபா வாங்கிப் போட்டதுபோல்.

மூவாயிரத்து இருநூறு:
முதுகு திறந்தது.
உள்ளே சஹானா, வெளியே பக்கத்துக் கடையில்
போன் உறைக்குப் பேரம்,
இரண்டும் சண்டையில்லாமல்.
தம்புரா நகர்ந்து
என் இடப்பக்கம் உட்கார்ந்தது.
ஜூன் கிட்டிடம் இதற்கெல்லாம் சொல் இருந்தது:
அது இளஞ்சூடு, இது காற்றோட்டம்.
வீடு விற்பவனைப் போலவே பேசினான்.
இதுவே போதுமென்று
பர்ஸைத் தொட்டிருந்தேன்.

மூன்றாவது.
முதலில் ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமில்லாததற்கு ஓர் அளவு இருந்தது:
மண்டபத்தின் நீளம், தகரக் கூரையின் உயரம்.
வில் கம்பியைத் தொடுமுன்
அவள் மூக்கால் இழுத்த மூச்சு.
பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
காலை மாற்றி வைத்தது.
மேலே மின்விசிறி,
சுற்றுக்கு ஒரு டொக்.
டொக். டொக். டொக்.

பத்தொன்பதாம் நிமிடம்
மேல் ஸ்தாயிக் காந்தாரத்தில் அவள் விரல் சறுக்கியது.
அந்தச் சறுக்கல் பதிவில் இல்லை.
அன்றிரவே எடுத்துவிட்டு
இரண்டாம் தடவை வாசித்ததிலிருந்து
ஒரு மூச்சளவு நறுக்கி வைத்தேன்.
தையல் தெரியாது. வயலினில் தெரியாது.
ஆனால் டொக். டொக். டொ
அரைச்சுற்றை விழுங்கிவிட்டு
டொக்.

விசிறியை நான் யோசிக்கவே இல்லை.

கழற்றி ஜூன் கிட்டிடம் நீட்டினேன்.
என்னைவிட மேலே கேட்கும் காது.
அதே இடம், இரண்டு முறை.
கண்ணை மூடினான், தலையை ஆட்டினான்.
"ரொம்ப சுத்தம் அங்கிள்.
இவங்க எப்ப பாட ஆரம்பிப்பாங்க?"

எதையும் வாங்கவில்லை.
கீழே தே தாரிக் ஒன்று தாப்பாவ் வாங்கி
மோனோரயில் மேடையில், சாரலில்,
லோகநாயகிக்கு ஒற்றைக் கட்டைவிரலால் எழுதினேன்.
பத்தொன்பதாம் நிமிடத்தில்
உங்களைக் கேட்காமல் ஒரு வேலை செய்தேன்.
அழித்தேன். மறுபடி அதையே எழுதினேன்.

துன் சம்பந்தன் நிலையத்தில் இறங்கும்போது பதில்:
"அதுவா? சிடி வந்த அன்னைக்கே கேட்டேன்.
பாவம், ராத்திரி பூரா உட்கார்ந்திருப்பீங்கன்னு
பேசாம விட்டுட்டேன்.
நீங்க வெட்டினது கிடக்கட்டும்.
வெட்டாம விட்டது ஒண்ணு இருக்கு.
அதை இன்னுமா கேட்கலை?"

வீட்டில் என் பழைய ஹெட்போன்,
தோல் உதிர்ந்து காதெல்லாம் கருப்பு ஒட்டும்.
நாற்பத்திரண்டு நிமிடம்.
திரும்ப நாற்பத்திரண்டு.
தேன். தேன்.

கடை ஞாயிறும் உண்டு.
பத்தரைக்குத் திறப்பான் என்று நினைக்கிறேன்.